உள்ளே உட்கார்ந்து கேட்டவர்

ஊர்வலத்தை அந்த ஓட்டல் வாசலில் நிறுத்தியது நீங்கள். கல்லை எறிந்தவன் வேறு. மைக்கில் கத்தியவன் வேறு. ஆனால் நடந்து போய்க்கொண்டிருந்த அத்தனை பேரையும் அந்த ஒரு வாசலுக்கு நேராக நிற்க வைத்தது நீங்கள்தான்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். பின்னால் 'போராட்டமும் பொது அமைதியும்' என்று பேனர். நீங்கள் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி, சிறப்புப் பேச்சாளர். உங்கள் வாய்க்கு நேராக மைக்கை வைத்தவன் நான். "இன்னும் கொஞ்சம் கீழே" என்றீர்கள். இறக்கினேன். என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. மைக் செட்காரன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பிறகு பேசினீர்கள். "பேச்சுரிமையையும் காப்பாற்றினோம், சிறுபான்மையாக இருப்பவர்களையும் காப்பாற்றினோம். என் காலத்தில் இந்த நகரத்தில் யார் வாசலிலும் ஒரு கல் விழுந்தது கிடையாது" என்றீர்கள். கை தட்டினார்கள்.

நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு திருகு திருகியிருந்தால் உங்கள் சத்தம் செத்திருக்கும். திருகவில்லை. யார் பேச்சையும் நான் குறைத்ததில்லை. எல்லாக் கட்சிக்கும், எல்லாச் சங்கத்துக்கும், கோயிலுக்கும், சாவுக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்கிறேன். குறைப்பது என் வேலை இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். அந்த வீம்பால் என்ன நடந்தது என்பதையும் இதிலேயே சொல்கிறேன்.

முதலில் அன்றைக்கு அந்த வாசலில் நின்ற ஏட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். அவரைப் புதுச்சேரியிலிருந்து தெலுங்கு பேசுகிற யானத்துக்கு அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

குள்ளமான ஆள். சிவப்புத் தொப்பி அவர் தலைக்கு ஒரு சைஸ் பெரிது, காதில் வந்து உட்காரும். பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, இருக்கும். பாக்கெட் ஓரம் ஈரம் பட்டுக் கறுத்திருக்கும். ஊர்வலம், பொதுக்கூட்டம், உண்ணாவிரதம், மறியல் எதுவாக இருந்தாலும் ஸ்டேஷனில் அவரைத்தான் அனுப்புவார்கள். வேறு யாருக்கும் அந்த வேலை பிடிக்காது. வெயிலில் நிற்க வேண்டும், எல்லாரிடமும் திட்டு வாங்க வேண்டும், மேலே இருப்பவனுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அவருக்கு ஒரு பழக்கம். கூட்டம் நாளைக்கு என்றால் இன்றைக்கே என்னைக் குழாய் கட்டச் சொல்வார். கட்டிய பிறகு, அந்தக் குழாய் எந்த வீட்டைப் பார்க்கிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

"ஒரு பத்து நிமிஷம் உள்ளார ஒக்காந்துக்கறேன், தொந்தரவு இல்லியே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவார். போகும்போது என்னைப் பார்த்து, "ஹலோ ஹலோன்னு கத்தாத. நாளைக்கு அவனுங்க இன்னா கத்தப் போறானுங்களோ அதையே கத்து. நான் உள்ளார இருந்து கேட்டுட்டு வரேன்" என்பார்.

நான் கோஷத்தை வாங்கி வைத்துக் கத்துவேன். அவர் அந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் மல்லாக்க வைத்து, மல்லாட்டைத் தோலை அதில் போட்டுக்கொண்டே கேட்பார். சர்க்கார் தொப்பி, குப்பைத் தொட்டி. ஒருமுறை நீங்களே அதற்காக அவரைத் திட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வெளியே வந்து தோலைச் சாக்கடையில் தட்டிவிட்டு, தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டுதான் சொல்வார்: குழாய் இப்படியே இருக்கட்டும், அல்லது திருப்பு.

எனக்கு எரிச்சலாக வரும். ஒரு கூட்டத்துக்கு இரண்டு முறை கட்டுகிற வேலை. "வாசல்ல நின்னா கேக்காதா ஏட்டய்யா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாசல்ல நின்னா சத்தம்தான்டா கேக்கும். உள்ளார ஒக்காந்தாதான் யாரச் சொல்றான்னு கேக்கும்."

நம் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியை முதலாளி திடீரென்று மூடினான். தொழிலாளர்கள் அவன் வீட்டுக்கு எதிரே கூட்டம் போட்டார்கள். நான்தான் குழாய். முதல் நாள் ஏட்டு அந்தப் பங்களாவுக்குள் போனார். நான் வெளியே இருந்து கத்தினேன். 'திருடன் திருடன், பஞ்சப்படி திருடன்' என்று ஆரம்பித்து அவன் குடும்பத்தில் யாரையும் விடாத கோஷம். கேட் திறந்துதான் இருந்தது, உள்ளே பேசியது எனக்கே கேட்டது.

முதலாளி குதித்தான். "இத எப்படிய்யா அனுமதிக்கறீங்க? எனக்கு மானம் போவுது."

ஏட்டு தோல் உரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, அவனுங்க ஒங்க கேட்டுக்குள்ள ஒரு கால் வெச்சா என்கிட்ட சொல்லுங்க. ஒடைக்கறேன். காதுக்குள்ள வர்றத நீங்கதான் சமாளிக்கணும்."

வெளியே வந்து என்னிடம், "அப்படியே இருக்கட்டும். இன்னும் ரெண்டு இன்ச்சு பங்களா பக்கம் திருப்பினாலும் ஒண்ணும் இல்ல" என்றார். தொழிலாளர்கள் சிரித்தார்கள். மறுநாள் முழுக்கக் கத்தினார்கள். ஒரு பூத்தொட்டி உடையவில்லை.

சரி, நல்ல ஆள் என்று நினைத்தேன். அடுத்த மாதமே கோபம் வந்தது. முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு கூட்டம். குழாய்க்கு நேரே ஒரு சின்னச் சந்து, அதில் வேற்றூரிலிருந்து பிழைக்க வந்த நாலைந்து குடும்பங்கள். பேசப் போகிறவர்கள் அவர்களைத் திட்டியும் இரண்டு வார்த்தை பேசுவதாக இருந்தார்கள். ஏட்டு அந்தச் சந்துக்குள் போய் உட்கார்ந்தார். வந்தார். "குழாய அந்தாண்ட திருப்பு" என்றார்.

"அன்னிக்கு மொதலாளிய அந்தக் கிழி கிழிச்சானுங்க. ரெண்டு இன்ச்சு சேத்துத் திருப்பச் சொன்னீங்க. இன்னிக்கு இவனுங்க பேசினா மட்டும் இன்னா? பேச்சு எல்லாருக்கும் ஒண்ணுதானய்யா?"

பின்னங்கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. கை நீளுகிற ஆள்தான், அதை மறைக்க மாட்டேன். "மொதலாளிக்கு இரும்பு கேட்டு இருக்கு, வாட்ச்மேன் இருக்கான், போன் போட்டா நாங்களே ஓடுவோம். இந்தச் சந்துல கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லடா. கயிறு கட்டியிருக்கான். நீ போயி ஒரு தரம் உள்ளார ஒக்காந்து பாரு."

நான் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது.

அவர் எப்போதும் சரியாகக் கேட்டார் என்று சொல்ல வரவில்லை. தப்பாகவும் கேட்டிருக்கிறார். மீன் விற்கிற பொம்பளைகள் மார்க்கெட்டை மாற்றக்கூடாது என்று ஒரு ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள். ஏட்டு உள்ளே போய் ஒரு குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். பொம்பளைகள் வாயில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே வந்தார், நேராக என் வயரைப் பிடுங்கினார். கூட்டம் கலைந்தது. கலையும்போது ஒருத்தி அவர் மேல் கூடைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவரே அந்தப் பொம்பளைகளைத் தேடிக்கொண்டு போனார். என்னையும் ஆட்டோவோடு கூட்டிக்கொண்டு போனார். சட்டையில் நேற்றைய மீன் வாடை இன்னும் இருந்தது.

"நேத்து நான் தப்பாக் கேட்டேன். அந்தக் குமாஸ்தா மூஞ்சப் பாத்துகினே கேட்டேன். அவன் அழுவற மாரி இருந்தான். அவனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருதுன்றத மறந்துட்டேன். இன்னிக்கு வந்து கத்துங்க" என்றார்.

"இன்னா ஏட்டு, தண்ணி ஊத்துனதுல காது தொறந்துகிச்சா?" என்றாள் கூடைக்காரி.

"தொறந்துகிச்சு. நாறுது."

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மாலை வரை கத்தினார்கள். ஏட்டு எதிரே வெயிலில் நின்றார்.

எனக்கு அப்போதும் உறுத்தியது. எந்தப் பேச்சு பேச்சு, எந்தப் பேச்சு அடி என்று ஒரு ஏட்டு மல்லாட்டை தின்றுகொண்டே தீர்மானிக்கலாமா? நாளைக்கு இன்னொரு ஏட்டு வருவான், அவன் முதலாளி கூடத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டு வயரைப் பிடுங்குவான். கேட்டேன். "சட்டப் புஸ்தகத்துல ரெண்டு வரிதான்டா இருக்கு. மீதி எவனாச்சும் போயி ஒக்காந்து கேட்டாத்தான் உண்டு. நான் போறேன். தப்பாப் போனா மறுநா போயி தப்புன்னு சொல்றேன். வேற வழி இருந்தா நீ சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. நீங்கள் மண்டபத்தில் அதற்குப் பதில் வைத்திருப்பதுபோலப் பேசினீர்கள்.

இப்போது ஓட்டலுக்கு வருகிறேன்.

நெல்லித்தோப்பு மார்க்கெட் முனையில் ஒரு சின்ன ஓட்டல். வாசலிலேயே தோசைக்கல், வடைச் சட்டி. உள்ளே ஆறு மேஜை. நடத்தியவர் மங்களூர் பக்கத்துக்காரர். இருபது வருஷமாக இங்கே. கல்லாவில் அவர், அடுப்பில் அவர் மனைவி, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மேஜை துடைக்க அவர் பெண். அந்தப் பெண் இங்கே பிறந்தவள். நம்மைவிட நன்றாக நெல்லித்தோப்புத் தமிழ் பேசுவாள். இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டால், "இன்னாண்ணா, இட்லி சாம்பார்ல நீச்சலடிக்கணுமா?" என்பாள். ஓட்டல் பலகையில் ஒரு சாமி பெயர், தமிழில். கன்னடத்தில் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. ஆனால் பலகையில் இருந்த பெயரை யாரும் சொன்னதில்லை. எங்கள் எல்லாருக்கும் அது கன்னடக்காரர் ஓட்டல். ஆட்டோக்காரன், பால்காரன், தபால்காரன் எல்லாருக்கும் அதுதான் அடையாளம். "கன்னடக்காரர் ஓட்டல்கிட்ட எறங்கிக்கறேன்." அன்பாகத்தான் சொன்னோம். அன்பாக வைத்த பெயர்தான்.

காவிரியில் தண்ணீர் வராத வருஷம் அது. காரைக்காலில் நாற்று காய்ந்தது. காரைக்காலும் நம் புதுச்சேரிதான், கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் வந்தது. இங்கே ஒரு இளைஞர் அமைப்பு ஊர்வலம் அறிவித்தது. நெல்லித்தோப்பிலிருந்து கிளம்பி மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றுக்குப் போய் மனுக் கொடுப்பது. நான்தான் குழாய், நான்தான் அறிவிப்பும்.

முதல் நாள் காலையிலிருந்து ஆட்டோவில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு வருஷமா இரண்டு வருஷமா, இதே தொழில். வாய் தானாகச் சொல்லும். "காவிரி நீரை மறுக்கும் கர்நாடகத்தைக் கண்டித்து, நாளை காலை பத்து மணிக்கு, நெல்லித்தோப்பு கன்னடக்காரர் ஓட்டல் முனையில், அனைவரும் திரண்டு வாரீர்!"

என்ன சொன்னேன் என்று இப்போது படித்தால் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவனுக்கும் தெரியவில்லை. கேட்ட ஜனத்துக்கும் அது வெறும் முனை. மத்தியானம் வரைக்கும் ஊர் முழுக்க அதைச் சொன்னேன்.

மத்தியானம் ஏட்டு வந்தார். வழக்கம்போல ஓட்டலுக்குள் போனார். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. அடுப்படியில், அந்த அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வெளியே இருந்து கோஷம் போட்டேன். கடைசியில் பழக்க தோஷத்தில் அறிவிப்பையும் சேர்த்துச் சொன்னேன்.

ஏட்டு வெளியே வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார், தோலோடு. தட்ட மறந்துவிட்டார்.

"கடைசியா இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"மைக்ல வேணாம். வாயால சொல்லு."

வாயால் சொன்னேன். பாதியில் எனக்கே புரிந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"உள்ளார அந்தப் பொண்ணு கேட்டுட்டு இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'நம்மள ஏம்பா கூப்புடறாங்க?'ன்னு அவ அப்பனக் கேக்குது. அந்த மனுஷன் சொல்றாரு, 'எங்க ஊர்ல காவேரியே ஓடாது சார், எங்க ஊர் ஆறு வேற சார்'னு. என்கிட்ட மேப்பு போட்டுக் காட்டறாருய்யா, மேஜைல தண்ணியத் தொட்டு."

அன்றைக்கு என்னை அவர் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ஆட்டோவில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். காலையில் போன எல்லாத் தெருவுக்கும் மறுபடியும் போனோம். "பால் பூத் முனை, பால் பூத் முனை" என்று திருத்திச் சொல்ல வைத்தார். முனையில் நின்றவன் ஒருத்தன், "ஏன்யா எடத்த மாத்தறீங்க, கன்னடக்காரன் பயந்துட்டானா?" என்று கேட்டான். ஏட்டு, "நான்தான்டா பயந்துட்டேன், போ" என்றார்.

அன்று மாலை ஸ்டேஷனில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதினார். எழுதும்போது நான் எதிர் பெஞ்சில் இருந்தேன், படித்தும் காட்டினார். ஊர்வலத்துக்குத் தடை கேட்கவில்லை. அதைக் கவனியுங்கள். "கோபம் நியாயமானது, கத்த விட வேண்டும்" என்றே எழுதினார். கேட்டது மூன்று. ஓட்டல் வாசலுக்கு எட்டுப் பேர் வேண்டும். ஆட்டோவின் பின்பக்கக் குழாயைக் கழற்றிவிட வேண்டும், அப்போது ஓட்டலைத் தாண்டியதும் சத்தம் அந்தப் பக்கம் போகாது. மூன்றாவது, ஓட்டலுக்கு முன்னால் ஊர்வலம் எக்காரணம் கொண்டும் நிற்கக்கூடாது. அந்த மூன்றாவதின் கீழ் கோடு போட்டார்.

"நடக்கறவன் முன்னாடி பாப்பான். நின்னுட்டான்னா சுத்திப் பாப்பான்" என்று என்னிடம் சொன்னார்.

ஓட்டல்காரரிடம் ஒரு நாள் மூடிவிடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு, "தொறக்கறதும் மூடறதும் ஒங்க இஷ்டம். மூடச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. தொறந்தா நான் வாசல்ல நிப்பேன்" என்றார். அவர் திறந்தார்.

மறுநாள் காலை எட்டுப் பேருக்குப் பதில் ஒரே ஒரு ஊர்க்காவல் படைக்காரர் வந்தார். மற்றவர்களை நீங்கள் பீச் ரோட்டுக்கு அழைத்துக்கொண்டீர்கள். டெல்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். அவருக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெல்லித்தோப்பு வடைச் சட்டிக்கும் வேண்டும் என்று ஒரு தாள் உங்கள் மேஜையில் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

பால் பூத் முனையிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. நல்ல கூட்டம். கோஷம் எல்லாம் மத்திய சர்க்காரைப் பார்த்துத்தான். ஓட்டலை நெருங்கினோம். ஏட்டு வாசலில் நின்றார். என் ஆட்டோ ஓட்டலைத் தாண்டிப் பதினைந்து அடி போயிருக்கும், போக்குவரத்துக் காவலர் வாக்கி டாக்கியோடு ஓடி வந்து கையைக் காட்டி நிறுத்தினார். பெரிய மனிதர் வண்டி மெயின் ரோட்டில் வருகிறதாம்.

ஏட்டு ஓடி வந்து அந்த வாக்கி டாக்கியை வாங்கினார். "ஐயா, நெல்லித்தோப்பு ஏட்டு பேசறேன்யா. இங்க வேணாம்யா. ஒரு நூறு அடி முன்னாடி காலி எடம் இருக்குய்யா, அங்க நிறுத்திக்கறேன்யா."

நான் பக்கத்திலேயே இருந்தேன். பதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எங்க நிக்குதோ அங்கயே நிறுத்து. ஒரு அடி நகரக்கூடாது. நான் சொல்றேன்."

குரலை வைத்துப் பிழைக்கிறவன் நான். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். போன மாதம் மண்டபத்தில் மறுபடியும் கேட்டேன்.

நின்றோம். ஐந்து நிமிஷம் கோஷம் ஓடியது. பிறகு தீர்ந்தது. வெயில். எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். மைக் பிடித்திருந்த இளைஞர் தலைவனுக்கு ஏதாவது பேசியாக வேண்டும். அவன் கண் பலகையில் விழுந்தது. சிரித்துக்கொண்டே கேட்டான்: "நாம இப்ப நிக்கிற எடம் எது? எல்லாரும் சொல்லுங்க!"

"கன்னடக்காரர் ஓட்டல்!" என்றது கூட்டம். அதுவும் சிரித்தது. உண்மையிலேயே அது விளையாட்டுதான், முதல் தடவை.

"கேக்கல, சத்தமா!"

இரண்டாவது தடவை சிரிப்பு இல்லை.

அப்போது அவன் என் பக்கம் குனிந்து, "பின்னாடி குழாயப் போடுய்யா, பின்னாடி நிக்கறவனுக்குக் கேக்கல" என்றான்.

போட்டேன். காலையில் ஏட்டு தானே கழற்றி வைத்திருந்த பின்பக்கக் குழாய் வயரை எடுத்து, என் கையால் சொருகினேன். பேசுகிறவன் கேட்டால் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை என்று இருந்தவன். பின்பக்கக் குழாய் பதினைந்து அடியில் நேராக அந்த அடுப்பைப் பார்த்தது.

ஏட்டு பார்த்துவிட்டார். வாசலை விட்டு ஓடி வந்தார், வயரைப் பிடுங்க. நான் ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அதில் கை வைத்தால் புகைந்துவிடும் என்று பயம்.

"வுடுய்யா, செட்டு போயிடும்!"

"கைய எடுடா டேய், உள்ளார அந்தப் பொண்ணு இருக்குடா!"

அப்படி நாங்கள் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் கல் போனது. வடைச் சட்டியில் விழுந்தது. எண்ணெய் அந்த அம்மாவின் வலது கையிலும் கழுத்திலும் தெறித்தது. அவர் கத்தியது இரண்டு குழாயையும் தாண்டி எனக்குக் கேட்டது. அடிபட்டதும் தமிழில்தான் கத்தினார். "ஐயோ அம்மா" என்று.

ஏட்டு திரும்பி ஓடினார். தொப்பி விழுந்தது, மிதித்தார்கள். வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். லத்தியை எடுக்கவில்லை. இன்னும் மூன்று நாலு கல் வந்தது, அதெல்லாம் அவர் மேல் விழுந்தது. பல் ஒன்று போனது. ஊர்க்காவல் படைக்காரர் அந்த அம்மாவைப் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு பெரிய மனிதர் வண்டி போய்விட்டது, வழி திறந்தது, ஊர்வலம் நகர்ந்தது. மனு கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள். உங்கள் குறிப்பில் 'ஊர்வலம் அமைதியாக முடிந்தது' என்று இருந்ததாக ஸ்டேஷனிலேயே சொன்னார்கள்.

விசாரணை வைத்தீர்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒரே கேள்வி.

"கல் விழுந்த நேரத்தில ஏட்டு ஓட்டல் வாசல்ல இருந்தாரா?"

"இல்லீங்க. ஆனா அவரு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இருந்தாரா, இல்லையா?"

"இல்லீங்க."

கையெழுத்துப் போட்டேன். எழுதியிருந்தது எதுவும் பொய் இல்லை. அவர் வாசலில் இல்லை. என் ஆட்டோவில், என் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை, நானும் வலிந்து சொல்லவில்லை. வயரைச் சொருகியது யார் என்ற கேள்வி அடுத்து வரும் என்று எனக்குத் தெரியும். காவல் இடத்தை விட்டு விலகிய குற்றத்துக்கு அவரை யானத்துக்குத் தூக்கினீர்கள். நிறுத்தச் சொன்ன குரலைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. கீழே கோடு போட்ட அவருடைய தாளும் இல்லை.

ஓட்டல்காரர் குடும்பம் மூன்று மாதத்தில் ஊரை விட்டுப் போனது. அந்தப் பெண் பொதுத்தேர்வு எழுதி முடிக்கும் வரைக்கும் இருந்தார்கள். இப்போது அங்கே செல்போன் கடை. இன்னும் சில ஆட்டோக்காரர்கள் அந்த முனையைப் பழைய பெயரில்தான் சொல்கிறார்கள்.

சில வருஷம் கழித்து ஏட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். லீவில் வந்திருந்தார். மல்லாட்டைப் பொட்டலத்தை நீட்டினார். ஒரு பக்கமாகத்தான் மென்றார்.

"யானத்துல எனக்கு இன்னா பேரு தெரியுமா? தமிழ்க்காரரு. என் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. டீக்கடையில கூட 'தமிழ்க்காரருக்கு ஒரு டீ'ன்றான். நல்ல மனுஷனுங்கதான். ஆனா ஒவ்வொரு தரம் அவன் கூப்பிடறப்பயும் அந்த அடுப்படியில ஒக்காந்திருக்கற மாரி இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "என் மேல கோவம் இல்லியா ஏட்டய்யா?"

"நீ பொய் சொல்லலியே. பாதி சொன்ன." தோலைக் கீழே போட்டார். போட்டுவிட்டு, "மீதிய எப்பயாச்சும் சொல்லு" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

இதுதான் மீதி. அறிவிப்பைச் சொன்னது நான். வயரைச் சொருகியது நான். பாதிக் கையெழுத்துப் போட்டதும் நான். இதைப் படிக்கிற எல்லார் முன்னாலும் சொல்கிறேன், மறைத்தது எதுவும் இல்லை.

இனி உங்கள் பங்கு. ஏட்டு எழுதிய தாள் எங்கே? எட்டுப் பேரைக் கேட்டபோது ஒருத்தரை அனுப்பியது யார்? "எங்க நிக்குதோ அங்கயே நிறுத்து" என்று சொன்னது யார்? தனியாகக் கூப்பிட்டு என்னிடம் சொல்ல வேண்டாம். வக்கீல் மூலமும் வேண்டாம். நெல்லித்தோப்பு மார்க்கெட் முனைக்கு வாருங்கள், ஊர் கேட்கச் சொல்லுங்கள். தேதியை நீங்கள் குறியுங்கள். குழாய் நான் கட்டுகிறேன். வால்யூமைக் குறைக்க மாட்டேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்தச் செல்போன் கடையில், முன்பு அடுப்பு இருந்த இடத்தில், ஒரு முக்காலி கேட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் பேசுங்கள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்கிறேன்.